இன்சுலினுக்கு ஐஸ் வைக்காதீர்கள்

கோடை விடுமுறையில் எழும்பூரிலிருந்து தெற்கே கிளம்பும் ஏதாவது ஒரு ரயிலில், மடியில் சின்னதொரு தெர்மாக்கோல் பெட்டியை அணைத்தபடி ஒருவர் உட்கார்ந்திருப்பார். சூட்கேஸைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார், நகைப்பையைக்கூட மனைவியிடம் கொடுத்துவிடுவார். இந்தப் பெட்டியை மட்டும் யாரையும் தொட விடமாட்டார். மாற்று அறுவை சிகிச்சைக்கு இதயம் கொண்டுபோகிறவர் முகத்தில்கூட அவ்வளவு கவலை இருக்காது. அவருக்காவது போலீஸ் வழிவிட்டுக் கொடுக்கிறது. பெட்டிக்குள் இருப்பது ஓர் இன்சுலின் பேனா, அதைச் சுற்றிலும் ஐஸ். செங்கல்பட்டில் ஒரு முறை திறந்து பார்ப்பார், விழுப்புரத்தில் ஒரு முறை பார்ப்பார். ஐஸ் உருகித் தண்ணீராகியிருந்தால் முகம் வாடிவிடும். உண்மையில் அவர் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டிய நேரம் அதுதான். பயணத்தில் இன்சுலினைக் கெடுக்கும் வேலையில், நம் ஊர் வெயிலைவிட நம் அக்கறைக்குத்தான் திறமை அதிகம் என்பது என் கட்சி.

இதற்கு எதிராக முதலில் கிளம்புகிறவர் மருந்துக்கடைக்காரர். "ஃப்ரிட்ஜ்லயே வைங்க சார்" என்று அவர் சொல்லித்தான் அனுப்பினார், மறுக்கவில்லை. அவர் சொன்னது தப்பும் இல்லை, அவருடைய கடைச் சரக்குக்கு. இன்னும் பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தால்தான் அட்டையில் போட்டிருக்கும் காலாவதித் தேதிவரை அதற்கு உத்தரவாதம். ஆனால் அதே பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாள் இன்னொன்றும் சொல்கிறது: பயன்படுத்தத் தொடங்கிய பேனாவை ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். வகையைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரிக்குள், பெரும்பாலானவற்றுக்கு 28 நாள். டிடெமிருக்கு 42 நாள், டெக்லுடெக்குக்கு 56 நாள். சில்லென்ற மருந்தைக் குத்தினால் வலி கூடும் என்பதால், அறை வெப்பத்துக்கு வந்த பிறகு போட்டுக்கொள்ளச் சொல்லும் மருத்துவர்களே அதிகம். ஆக, மூன்று நாள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போகிறவரின் பேனாவுக்கு ஐஸே தேவையில்லை. வேண்டியதெல்லாம் ஒரு துண்டு பிளாஸ்திரி. அதன்மேல் பேனாவைத் திறந்த தேதியை எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். நாலு நாள் வெளியில் வைத்துவிட்டு மறுபடி ஃப்ரிட்ஜில் வைத்தால் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. மருந்து அப்படியெல்லாம் மன்னிப்பதில்லை.

"தேவையில்லைதான், ஆனாலும் ஐஸ் இருந்துவிட்டுப் போகட்டுமே, கூடுதல் குளிர்ச்சி என்ன செய்துவிடும்?" என்பது அடுத்த கேள்வி. என் வழக்கே இந்த இடத்தில்தான் இருக்கிறது. இன்சுலின் என்பது 51 அமினோ அமிலங்களால் ஆன ஒரு புரதம். குறிப்பிட்ட விதமாக மடிந்து நின்றால்தான் அது வேலை செய்யும். வெயில் அந்த மடிப்பை மெல்ல மெல்லக் கலைக்கும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் வீரியம் குறையும். உறைநிலை அப்படித் தவணை கொடுப்பதில்லை. ஒரு முறை உறைந்தால் புரதம் திரண்டுவிடும். பால்போலக் கலங்கலாக இருக்கும் இன்சுலினில் நுண்படிகங்கள் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊசியிலும் எவ்வளவு மருந்து போகிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பேனாவின் கண்ணாடிக் குழாயில் கீறல் விழலாம், காற்று புகலாம். திரிந்த பாலை எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சினாலும் நல்ல பால் ஆகாது, இதுவும் அப்படித்தான். ஆனால் பால் திரிந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உறைந்து உருகிய இன்சுலினோ பல நேரம் பழையபடியே பளிங்குபோலத் தெரியும். "உறைந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்" என்று எல்லா நிறுவனங்களும் ஒரே குரலில் அச்சடித்திருப்பது அதனால்தான். விலையில் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒரு வரியில் ஒத்துப்போயிருக்கிறார்கள், கவனிக்கத்தக்கது.

ஐஸ் என்றால் பூஜ்யம் டிகிரிதானே, அதற்குக் கீழே எப்படிப் போகும் என்று பள்ளிக்கூடப் பாடத்தை நினைவுபடுத்துகிறவர்களும் உண்டு. உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்தான் பூஜ்யம். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ் கட்டியோ ஜெல் பையோ பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பதினெட்டு டிகிரியில் கல்லாக இருக்கும். பேனாவுக்குள் இருப்பது வெறும் 3 மில்லி. அதை அந்தக் கல்லோடு ஒட்டி வைத்து மூடினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. இதை நம் கிராம சுகாதாரச் செவிலியர் நன்றாக அறிவார். தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டியில் ஐஸ் பேக்கை எடுத்தவுடன் அடுக்கிவிடமாட்டார். வெளியே வைத்து, மேலே வியர்த்து, ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருந்து பிறகுதான் வைப்பார். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் தடுப்பூசியும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் உறைந்தால் வீண் என்பதால், அரசே அவருக்கு அப்படிப் பயிற்சி கொடுத்திருக்கிறது. அங்கன்வாடித் திண்ணையில் உட்கார்ந்து ஐஸ் வியர்க்கட்டும் என்று காத்திருப்பவருக்கு இருக்கும் தெளிவு, குளிர்சாதன ரயில் பெட்டியில் முன்பதிவு செய்து பயணம் போகிறவருக்கு இல்லை. இருபத்து நான்கு டிகிரி ஏ.சி.யில், கம்பளி போர்த்திக்கொண்டு, ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்.

வலுவான எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக் கழிக்க முடியாது. "30 டிகிரி என்று தாளில் போட்டவன் மே மாதத்தில் வேலூருக்கு வந்திருக்கிறானா?" நியாயமான கேள்வி. இன்சுலின் முதன்முதலில் ஒரு சிறுவன் உடலில் ஏறியது 1922 ஜனவரியில், டொரன்டோவில்; அந்த ஊரில் ஜனவரியில் மருந்தை உறையாமல் காப்பதுதான் சவாலாக இருந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டு 'அறை வெப்பம்' முப்பத்தைந்தைத் தாண்டும். ஆனால் இதையும் சோதித்திருக்கிறார்கள். கென்யாவின் டகஹாலி அகதி முகாமில் வெப்பம் இரவில் 25, பகலில் 37 என்று ஏறி இறங்கும். அதே ஏற்ற இறக்கத்தை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் ஆய்வகத்தில் உண்டாக்கி, பல வகை இன்சுலின்களை நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வீரியத்தில் பொருட்படுத்தத்தக்க குறைவு இல்லை என்று 2021-இல் வெளியிட்டார்கள். 2023-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று, பிரிக்காத மனித இன்சுலின் வகைகள் சில 25 டிகிரியில் ஆறு மாதம் வரையிலும் 37 டிகிரியில் இரண்டு மாதம் வரையிலும் தாக்குப்பிடிக்கும் என்று முடிவு சொன்னது. ஃப்ரிட்ஜ் வாங்க வழியில்லாதவர்களுக்காகச் செய்த ஆய்வுகள் இவை. ஃப்ரிட்ஜை விட்டு மூன்று நாள் பிரிய முடியாதவர்களும் படிக்கலாம்.

இதை வைத்துக்கொண்டு பேனாவை மொட்டைமாடியில் வற்றலோடு காய வைக்கலாம் என்று அர்த்தமில்லை. 37 வேறு, வெயிலில் நிறுத்திய கார் வேறு. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டலுக்குள் சாப்பிடப் போனால், இலை எடுப்பதற்குள் டாஷ்போர்டு ஐம்பது அறுபதைத் தொட்டுவிடும். அங்கே வைத்த இன்சுலினுக்காக எந்த ஆய்வையும் மேற்கோள் காட்ட முடியாது. ஆகவே குளிர்ச்சி வேண்டும்தான், ஐஸ் அளவுக்கு வேண்டாம். அதற்கு நம்மிடம் பழைய வழி இருக்கிறது. பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே முறையில், தண்ணீரில் நனைத்தால் உப்பி நிற்கும் படிகங்கள் அடைத்த துணிப்பைகள் விற்கிறார்கள். நீர் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் குறையும். ஐஸ் இல்லை, கரண்ட் இல்லை, உறையும் பயமும் இல்லை. பை கிடைக்காவிட்டால், நீர் புகாதபடி மூடிய பேனாவை ஈரத்துணியில் சுற்றிக் காற்றோட்டமாக வைத்தாலும் ஓரளவு போதும். காற்று வறண்ட வேலூரிலும் மதுரையிலும் இது நன்றாக எடுபடும். சென்னையில் சட்டையே காயாத நாளில் அந்தப் பையும் சோர்ந்துதான் கிடக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பையை வாங்கி, ஈரம் படுமே என்று பாலிதீன் கவரில் போட்டு இறுக்கி முடிந்துவைப்பவர்களைப் பற்றி இயற்பியலுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

பயணம் முடிந்து உறவினர் வீட்டுக்குள் நுழைந்ததும்தான் மருந்துக்கு உண்மையான கண்டம். அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் இட்லி மாவு, நாளைய கூந்தலுக்கான மல்லிகை, நேற்றைய வத்தக்குழம்பு, முந்தாநாள் மாத்திரை எல்லாம் குடியிருக்கும். "அண்ணி, இதைக் கொஞ்சம் உள்ளே வைக்கணும்" என்று நீட்டியதும் வீட்டுக்காரம்மா பதறிப்போவார். மருந்தாயிற்றே, விருந்தாளியுடையது ஆயிற்றே, குழம்புக்குப் பக்கத்தில் வைப்பது மரியாதையா? வீட்டிலேயே மிகக் குளிர்ந்த, மிகச் சுத்தமான, மிக கௌரவமான இடத்தில் வைப்பார். அதாவது ஃப்ரீசரில். இதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. உபசாரத்தில் நம்மவர்களுக்கு நடுத்தரம் என்ற ஒன்று தெரியாது. நல்ல மருந்து வத்தக்குழம்பின் வாசனையோடு பத்திரமாக இருந்திருக்கும், மரியாதையால் போயிற்று. விடுதி அறையில் வேறு கதை: சாவி அட்டையைப் பிடுங்கினால் சில இடங்களில் குட்டி ஃப்ரிட்ஜும் சேர்ந்து அணைந்துவிடும், ஓடும் நேரத்தில் குளிர்த்தகட்டை ஒட்டியிருப்பது உறைந்துவிடும். சூடும் குளிரும் மாறி மாறிப் படுவதைவிட மருந்து பேசாமல் கைப்பையிலேயே இருக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் அனுபவத்தை ஆதாரமாக நீட்டுவார்: "போன தடவை ஐஸ் இல்லாமல்தான் போனேன், திரும்பி வந்து பார்த்தால் சுகர் முன்னூறு." நீட்டட்டும். அந்த மூன்று நாளில் உள்ளே போன பால் பாயசம், ஜாங்கிரி, 'ஒரே ஒரு' லட்டு, மதியம் மூன்று மணிக்குத் தள்ளிப்போன சாப்பாடு, அதனால் மறந்துபோன ஊசி ஆகியவற்றையும் விசாரணைக்கு அழைத்தபிறகு பேனாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். அதேநேரம், ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக ஊசி போட்டும் காரணமே இல்லாமல் சுகர் ஏறிக்கொண்டே போனால், வாதம் பண்ணிக்கொண்டிருக்காமல் வேறு பேனாவுக்கு மாறுவதும் மருத்துவரைக் கேட்பதும்தான் முறை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு இது விளையாட்டல்ல. அவர்கள் எப்போதும் ஒன்று கூடுதலாக, வேறொரு பையில் வைத்திருக்க வேண்டும்.

விமானத்தில் போகிறவர்களுக்கும் விதி இதேதான், காரணம் இன்னும் பலமானது. சரக்கறைக்குப் போகும் பெட்டியில் இன்சுலினை வைக்கவே கூடாது. அங்கே எவ்வளவு குளிரும் என்று உறுதி கிடையாது, நீங்கள் சிங்கப்பூரில் இறங்கும்போது பெட்டியும் சிங்கப்பூரில்தான் இறங்கும் என்பதும் உறுதி கிடையாது. கைப்பையில் வைத்து, மருத்துவர் சீட்டைக் கூடவே வைத்துக்கொண்டால் போதும். வெளிநாட்டில் மருந்து தீர்ந்துபோனால் மட்டும் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் குப்பிகள் பல மில்லிக்கு 40 யூனிட், அதற்கென்றே சிவப்பு மூடி சிரிஞ்சு. அங்கே கிடைப்பது பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட். அந்தக் குப்பியில் இந்தச் சிரிஞ்சை விட்டு வழக்கமான கோடுவரை இழுத்தால் இரண்டரை மடங்கு மருந்து ஏறும். இவ்வளவு தூரம் ஐஸைப் பற்றிக் கவலைப்பட்டவர்களில் எத்தனை பேர் இதைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள்?

எடை குறைக்கும் ஊசி, மூட்டுவாத ஊசி என்று ஃப்ரிட்ஜ் கேட்கும் மருந்துகள் இப்போது பெருகிவிட்டன. ஒவ்வொன்றும் வெளியில் தாங்கும் நாள் கணக்கு வேறு. இன்சுலின் கணக்கை அவற்றுக்குப் போடக்கூடாது. எல்லாவற்றுக்குள்ளும் மடித்து வைத்த தாள் ஒன்று இருக்கிறது. டிக்கெட் எடுப்பதற்கு முன் அதை ஒரு முறை விரித்துப் படித்துவிடுங்கள். எழுத்து எறும்பு ஊர்வதுபோல இருந்தால் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதில் "உறைய விடாதீர்கள்" என்ற வரி வரும்போது வீட்டுக்காரம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்.