கணிதம் படித்தவருக்கா வேலைப் பஞ்சம்?

எம்.எஸ்ஸி. கணிதம் படித்தால் எதிர்காலம் இல்லை என்பவர்கள் முதலில் வாயைக் கழுவட்டும். இராமானுஜனே 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதியவர்தான். அந்த மரபை நம் பிள்ளைகள் கைவிடவில்லை. பத்தாம் வகுப்பே போதும் என்கிற குரூப் 4 தேர்வை முதுகலைப் பட்டத்தோடு எழுதி, தேர்வுக்கே பெருமை சேர்க்கிறார்கள்.

200 வினாக்களில் 25 கணக்கும் மனத்திறனும். ஐந்தாண்டு இடவியலைக் கரைத்துக் குடித்தவருக்குத் தனிவட்டி ஒரு பொருட்டா? என்ன, விடை ஒன்று உண்டு என்பதை முதலில் நிரூபிக்கப் பார்ப்பார். அதற்குள் மணி அடித்துவிடும்.

இயற்பியல்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். டியூஷன் எடுத்து, வீட்டுக்கு வீடு இயற்பியல் பட்டதாரிகளை உருவாக்குகிறார்கள். அவர்களும் டியூஷன் எடுப்பார்கள். தொடர்வினைப் பாடம் வீண்போகவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுத் தம்பிக்கு மாதிரித்தாளிலிருந்து ஒரு கணக்கு கொடுத்தேன்: 12 ஆட்கள் 20 நாளில் முடிக்கும் வேலையை 15 ஆட்கள் எத்தனை நாளில் முடிப்பார்கள்?

"16" என்றான் சட்டென்று. பிறகு வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்தப் 15 பேருக்கும் வேலை எங்கே கிடைத்தது?"