12 எம்பி சமஸ்தானம்

2012இல் வந்த லெனோவோ லேப்டாப், திங்க்பேட் எக்ஸ்230. இன்றும் ஓடுகிறது, பாவம். அதன் வைஃபை கார்டு போய்விட்டால் கடையில் வேறொன்று வாங்கிச் சொருகலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் கணினியை எழுப்பும் ஃபர்ம்வேரான பயாஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் கார்டு அதில் இல்லையென்றால் திரையில் 1802 என்ற எண்ணைக் காட்டி, அனுமதியில்லாத கார்டைக் கழற்று என்று அதட்டும். கழற்றும்வரை பூட் ஆகாது. சம்பந்தி வீட்டார் ஜாதகம் பார்ப்பதில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

பொறுக்காதவர்கள் பயாஸைத் தூக்கிவிட்டு, கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேரைப் போட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் இப்போது மனம் மாறி, அசல் ஃபர்ம்வேரே போதும் என்கிறார். கம்பெனியின் சரக்கைக் கம்பெனி வைத்த இடத்திலேயே திருப்பி வைக்கிறேன் என்கிறார். மாலை போட்டு வரவேற்க வேண்டிய ஆள் அல்லவா?

வரவேற்பு இதுதான். லெனோவோ தளத்தில் பயாஸ் அப்டேட் கிடைக்கும். ஆனால் அது அசல் பயாஸ் உள்ள கணினியில்தான் ஓடும். அசல் இருப்பவருக்கு அசல் இலவசம், இழந்தவருக்கு இல்லை. இத்தனைக்கும் விஷயம் வெறும் 12 எம்பி: ஒரு சில்லில் 8, இன்னொன்றில் 4. அதன் முழுப் படத்தைத் தர மனம் வராது. சர்வீஸ் சென்டருக்குப் போனால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். நகத்தளவு சில்லில் நாலு வரி எழுத, முழு போர்டுக்கும் காசு!

சென்னை ரிச்சி தெருவில் இதைச் செய்யக் கூடியவர்கள் இருக்கிறார்கள். கீபோர்டைக் கழற்றி, பாம்ரெஸ்ட்டைத் தூக்கி, சில்லின் எட்டுக் கால்களையும் கிளிப்பால் கவ்வி, சிஹெச்341ஏ புரோகிராமரில் எழுதிவிடுவார்கள். முன்பே சில்லில் இருந்ததை நகலெடுத்து, அதாவது டம்ப் எடுத்து வைத்திருந்தால் பிழைத்தீர்கள். இல்லையென்றால் யாரோ ஒருவருடைய கணினியின் டம்ப் உள்ளே போகும். அவருடைய சீரியல் நம்பரும் மேக் முகவரியும் கூடவே வரும். நேற்றுவரை நம்முடையதாக இருந்த லேப்டாப், முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பெயரில் கண் விழிக்கும்.

அசலை ஏன் தருவதில்லை என்று கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். பாதுகாப்பாம்! 2015இல் அம்பலமான கூத்து நினைவிருக்கிறதா? சில லெனோவோ மாடல்களில் டிஸ்கை முழுக்கத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும், ஃபர்ம்வேருக்குள் பதுங்கியிருந்த லெனோவோ சர்வீஸ் எஞ்சின் எழுந்து வந்து, கம்பெனியின் மென்பொருளை மறுபடி உள்ளே இறக்கியது. அதிலும் ஓட்டை என்று தெரிந்த பிறகுதான் அதை நீக்க வழி சொன்னார்கள். ஆக, அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் வித்தை இவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தங்கள் சரக்கென்றால் கேட்காமலே நட்டுவிட்டுப் போவார்கள். நாம் கெஞ்சிக் கேட்டால் கை வராது.

நீதானே கை வைத்தாய் என்பவர்களுக்கு ஒன்று. 2017இல் உபுண்டு 17.10 போட்டவர்கள் எதையும் பிரிக்கவில்லை, எந்தக் கிளிப்பும் மாட்டவில்லை. ஒரு டிரைவரின் பிழையால் சில லேப்டாப்புகளின் பயாஸ், எதைச் சேமித்தாலும் ஏற்காத கல்லாகிப்போனது.

நம் அரசும் சும்மா இருக்கவில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் குழு அமைத்தது. டிசம்பரில் போர்ட்டலும் திறந்தது. போய்ப் பாருங்கள், கம்பெனிகளின் கஸ்டமர் கேர் விவரம் இருக்கும். அழைத்தால் எடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? மதர்போர்டுக்கு விலை சொன்ன அதே ஆட்கள்.