வாள் வரும், வழி விடுமா?

கேள்வி: இணைய ஏலத்தில் ஒரு சாமுராய் வாள்மேல் கண் வைத்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து லண்டனில் உள்ள என் வீட்டுக்கு வரவழைக்கலாமா?

பதில்: பணம் கட்டுவது எளிது. வாள் ஜப்பானை விட்டுக் கிளம்புவதுதான் பெரும்பாடு. அங்கே வாளுக்குப் பதிவுச் சீட்டு உண்டு. அதை ஒப்படைத்து, இது முக்கியப் பண்பாட்டுச் சொத்து அல்ல என்று அரசின் பண்பாட்டு முகமையிடம் சான்று வாங்கிய பிறகே ஏற்றுமதி. அதாவது, உங்கள் வாள் ஒன்றும் பிரமாதமில்லை என்று அரசாங்கமே முத்திரை குத்தித் தரும்!

இங்கிலாந்தில் 2008 முதல், 50 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள வளைந்த அலகு கொண்ட வாளை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை. 1954-க்கு முன் செய்ததற்கும், மரபு முறையில் கையால் அடித்ததற்கும் விலக்கு உண்டு. நிரூபிப்பது உங்கள் பாடு.

வேடிக்கை கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஆலையில் செய்த ராணுவ வாள் லண்டனில் செல்லுபடியாகும். அதையே மெருகேற்ற ஜப்பானுக்கு அனுப்பினால், கலைப்பொருள் அல்ல என்று பதிவு செய்ய மறுத்துவிடுவார்கள். வாள் திரும்பாமலே போகலாம். புகுந்த வீட்டில் மரியாதை, பிறந்த வீட்டில் கதவடைப்பு!

ஏலத்தில் விலை கேட்கும் முன், விற்பவரிடம் சான்றைக் கேளுங்கள்.