படத்துக்கும் தனிப்பந்தி

சேரன்மகாதேவிக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1920-களில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்ட விவகாரத்தில் தமிழ்நாடே இந்த ஊர்ப் பெயரைச் சொல்லிச் சண்டை போட்டது. குருகுலம் போய்விட்டது, பந்தி போகவில்லை. இப்போது அதில் பரிமாறுவது செயற்கைக்கோள் படம். முதல் பந்தி தலைமைச் செயலகத்துக்கு, இரண்டாவது ஆட்சியர் அலுவலகத்துக்கு. வயல் மூழ்கினவனுக்கு இலைகூடக் கிடையாது.

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தண்ணீருக்கு நடுவே நின்றது. வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது சென்னை. முன்பே சொன்னோம் என்றது டெல்லி. தாமிரபரணி இரண்டு பேரையும் கேட்காமல் வீடுகளுக்குள் போனது.

மேகம் மூடினாலும் ராடார் செயற்கைக்கோள் தரையைப் பார்த்துவிடும். அசையாத தண்ணீர் அதன் அலையைத் திருப்பி அனுப்பாது, ஆகவே படத்தில் கறுப்பாக விழும். ஐரோப்பாவின் சென்டினல்-1 ஜோடியில் ஒன்று 2021 டிசம்பரிலேயே செயலிழந்தது. 2023 வெள்ளத்தின்போது மிஞ்சியிருந்த ஒன்று அதே பாதையில் திரும்பிவர 12 நாள் ஆனது. வெள்ளத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? நம்முடைய ராடார் செயற்கைக்கோள் இஓஎஸ்-04-உம் மேலே சுற்றுகிறது. ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையம் வெள்ளப் படங்களைப் போட்டு புவன் தளத்தில் வைக்கிறது. குறை வானத்தில் இல்லை, ஐயா.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் டிசம்பர் என்றால் பிசானப் பயிர். ராடார் படத்தில் நடவு வயலில் கட்டிய தண்ணீரும் கறுப்பு, கரை உடைத்து வந்த தண்ணீரும் கறுப்பு. எது எது என்று வரப்பில் நிற்கிறவன் ஒரு நொடியில் சொல்லிவிடுவான். அவனிடம் கேட்டால் அரசாங்கத்தின் கௌரவம் என்னாவது? தண்ணீர் வடிந்து, சேறு காய்ந்து, வெடிப்பும் விட்ட பிறகு கணக்கெடுக்க வருவார்கள். 33 சதவீதச் சேதம் இருந்தால்தான் நிவாரணம். தண்ணீர் நின்றதற்கு என்ன ஆதாரம் என்பார்கள். வானத்திலிருந்து எடுத்த ஆதாரம் அவர்கள் கணினியிலேயே கிடக்கும். அதைத் திறக்க மனசு வராது. வாழைத்தாரோடு செல்பி கேட்பார்கள்.

திறந்தால் வேறு சிலவும் தெரியுமே! ஒவ்வொரு வெள்ளத்துப் படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், எந்தப் புல எண்ணில் திரும்பத் திரும்பத் தண்ணீர் நிற்கிறது, அங்கே மனைப்பிரிவுக்கு ஒப்புதல் கொடுத்தது யார் என்பதெல்லாம் வெளியே வரும். திருநெல்வேலி புதுப் பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்து நிலத்தில் நிற்கிறது. அது குளம் என்று கண்டுபிடிக்க ராக்கெட் விட வேண்டாம். மழை நாளில் பஸ்ஸுக்கு நின்றவன் முழங்காலைப் பார்த்தால் போதும். வெள்ளம் வடிந்ததும் படம் அறிக்கைக்கு அழகாகப் போகிறது. மனை விற்கும்போது மட்டும் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்த ஜமாபந்திக்கு மனு எழுதுகிறவர்கள் இதையும் எழுதுங்கள்: 2023 டிசம்பரில் எங்கள் ஊரில் தண்ணீர் நின்ற படத்தைப் புல எண்ணோடு அச்சிட்டு, தாலுகா ஆபீஸ் வாசலிலும் பத்திரப் பதிவு அலுவலகச் சுவரிலும் ஒட்டுங்கள். ஒட்ட முடியாது என்றால், ஏன் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.