மேற்குப் பார்த்த வீடு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிற எவரும் முதலில் கேட்பது, "வெயில் வருமா?" என்றுதான். பதினெட்டு வருடம் அதையே கேட்டுப் பழகிய வாயோடு 2023 ஜனவரியில் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பினாங்கில் வந்திறங்கினேன். ஜார்ஜ்டவுனில் வீடு காட்ட வந்த ஏஜெண்டிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "வரும் சார், நல்லா வரும்" என்றார். அவரைக் குறை சொல்ல வழியில்லை. கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னார்.

கிரீன் லேன் பக்கம் பதினான்காவது மாடி. ஹாலின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் கொடிமலை. நாங்கள் பார்க்கப் போனது காலை பத்து மணிக்கு. மலை அப்போதுதான் தலைகுளித்துவிட்டு வந்தது போல நின்றது. வாடகை 1,900 வெள்ளி. ஈஸ்ட் ஹாமில் இரண்டு அறைக்கு 1,500 பவுண்டு அழுதுகொண்டிருந்தேன். பவுண்டுக்கு ஐந்து வெள்ளிக்கு மேல் போன சமயம். வேறு வீடே பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இதை வெளியூர்க்காரன் செய்திருந்தால் மன்னித்துவிடலாம். நான் பினாங்குப் பாலம் திறந்த 1985இல், அந்தப் பாலத்தின் மறுபக்கம் பட்டர்வொர்த்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் படிக்க லண்டன் போய் அங்கேயே தங்கிவிட்டவன். மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்து வயதில் லண்டன் வந்தவள். ஊர் மாறலாம் என்று பேச்செடுத்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். "வெக்கை தாங்குவீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வெயிலில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா? கைப்பேசியை எடுத்துக் கணக்குக் காட்டினேன். 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40.2 டிகிரி. அன்று நாம் உயிரோடு இருந்தோமா இல்லையா? பினாங்கில் வருடம் முழுக்க 32தான். எட்டு டிகிரி லாபம். அவள் கணக்காளர். கழித்தல் சரியாக இருந்ததால் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

காற்றின் ஈரத்தைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை. உடம்பு குளிர்வது வியர்வை உலர்வதால். அன்றைய லண்டன் காற்று காய்ந்து கிடந்தது. வியர்த்த சுவடே தெரியாமல் உலர்ந்தது. பினாங்குக் காற்றோ ஏற்கெனவே தண்ணீர் குடித்து வயிறு நிறைந்தது. என் வியர்வையை வாங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்காது. நாற்பது டிகிரி ஒருநாள் விருந்தாளி. முப்பத்திரண்டு வீட்டோடு மாப்பிள்ளை.

குடிபோன முதல் நாள் மதியம் இரண்டரைக்கு வெயில் ஹாலுக்குள் கால்வைத்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான்கு மணிக்குச் சோபாவில் உட்கார முடியவில்லை. ஐந்து மணிக்கு, "பொழுது சாஞ்சாச்சு, கடற்காற்று வாங்கப் போவோம்" என்று கர்னி டிரைவுக்குக் கிளப்பினேன். நடைபாதையில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து அழைத்து வந்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"உங்கட ஊர் ஆக்கள் எல்லாரும் எங்கயப்பா?" என்றாள் மனைவி, கைக்குட்டையால் மகளின் தலையை மூடிக்கொண்டே.

ஊர் ஆட்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். நாங்கள் அப்போது வீட்டில் ஆளுக்கொரு வாளித் தண்ணீரோடு இருந்தோம். காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரம் வைத்துக்கொள்வதற்காகக் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது. பினாங்கு இருப்பதோ நாட்டின் மேற்கு ஓரம். இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றேகாலுக்கு. கடிகாரம் ஐந்து என்றால் சூரியனுக்கு மூன்றேமுக்கால்கூட ஆகவில்லை. மார்ச்சில் பள்ளி தொடங்கியபோது இதே கடிகாரம் மறுபக்கமும் கடித்தது. ஏழு மணி இருட்டில் பையை மாட்டிக்கொண்டு நின்ற மகள், "அப்பா, இங்கயும் விண்டரா?" என்று கேட்டாள்.

அதற்கு முன்பே தைப்பூசம் வந்துவிட்டது. முதல் நாள் ரதம் லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும். 1894 முதல் ஓடும் நகரத்தார் வெள்ளி ரதம், 2017இல் சேர்ந்துகொண்ட தங்க ரதம், வழியெல்லாம் சிதறும் தேங்காய்கள். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தது. இந்த முறை வெறுங்காலோடு நடப்பேன் என்று அறிவித்தேன். பதினெட்டு வருடம் கம்பளிக் காலுறைக்குள் வளர்ந்த பாதம் அதற்குச் சம்மதித்ததா என்று விசாரிக்கவில்லை.

விடியற்காலையில் எல்லாம் சுகம். உடைந்த தேங்காயின் தண்ணீர் ஓடி ரோடே குளிர்ந்திருந்தது. பதினொன்றரைக்கு டத்தோ கிராமாட் சாலையில் தார் பேச ஆரம்பித்தது. மற்றவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்தேன். சாலையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மீதே போகிறார்கள். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். நானும் கோட்டுக்குத் தாவினேன். கோடு விட்டுவிட்டுப் போட்ட கோடு. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு நான் குதித்துக் குதித்துப் போனதைப் பார்த்தவர்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து வழிவிட்டார்கள். ஒரு தண்ணீர்ப் பந்தலில் இருந்த சீனத்துப் பாட்டி மட்டும் ஏமாறவில்லை. ஒரு குவளைத் தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டு, "ஐயோ, ஃபர்ஸ்ட் டைம் ஆ?" என்றார்.

பட்டர்வொர்த்தில் பிறந்தவன், "ஆமாம்" என்று தலையாட்டினேன். தண்ணீர்மலையில் 513 படிகள் இருக்கின்றன. ரதத்தோடு நான் அதுவரை போய்ச் சேரவே இல்லை. கிராப் காரில் வீடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே போவதைக் குறைத்து ஏர்கோனை நம்பினேன். படுக்கையறையில் 18 டிகிரி. அந்தக் குளிரில் தூக்கம் வராமல், லண்டனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த குளிர்காலப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். குளிருக்கு அஞ்சி ஆறாயிரம் மைலுக்கு மேல் தள்ளி வந்த குடும்பம், காசு கொடுத்துக் குளிரை வரவழைத்து அதன் கீழ் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் மாத மின்கணக்கு 930 யூனிட். அப்போதிருந்த கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், 900ஐத் தாண்டியதற்கு 57.1 சென். மொத்தம் நானூறு வெள்ளிக்கு மேல். 1786இல் ஜார்ஜ்டவுனை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட், காட்டை வெட்ட ஆள் கிடைக்காமல் பீரங்கியில் வெள்ளிக்காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. அவருக்காவது காடு அழிந்தது.

நானூறு வெள்ளி என்றால் எண்பது பவுண்டுக்கும் கீழேதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இந்தத் தேறுதல்தான் என்னைக் கெடுத்தது. நாசி கண்டார், மீன், குடை, மகளின் நீச்சல் வகுப்பு, எல்லாவற்றையும் ஐந்தால் வகுத்து, "சும்மா கொடுக்கிறான்" என்று வாங்கினேன். செலவைப் பவுண்டில் கணக்கிட்டேன். பாயான் லெப்பாஸில் கிடைத்த வேலைக்குச் சம்பளம் மட்டும் வெள்ளியில் வந்தது. மனைவி மூன்றாம் மாதம் ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதி மேசைமேல் வைத்தாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்காளர்கள் பேச மாட்டார்கள்.

மலிவாகக் கிடைத்தது என்று கறுப்பு நிற மைவி காரைப் பழையதாக வாங்கியதை விவரிக்கப் போவதில்லை. கறுப்பு சீட், திறந்தவெளிப் பார்க்கிங். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மே மாதத்தில் ஒருநாள் பட்டர்வொர்த்திலிருந்து அம்மா ஃபெரியில் வந்தார். கதவைத் திறந்தபோது மணி மூன்று. உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"ஏன்டா, மேக்கப் பாத்த வீடா புடிச்ச?"

"கொடிமலை தெரியும்மா."

"மலை எங்க போயிரப் போவுது? வீடு எடுக்க முன்ன ஒரு கோல் அடிச்சிக் கேட்டிருக்கலாம் லா. திரை எங்க?"

காட்சி மறைந்துவிடும் என்று திரையே வாங்கவில்லை என்பதைச் சொன்னேன். சொன்னபோதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று காதில் விழுந்தது. அம்மா அலமாரியைத் திறந்தார். முதலில் கிடைத்தவை ஆறு குளிர்கோட்டுகள், தோளில் பச்சைப் பூஞ்சையோடு.

"இத எதுக்குக் கொண்டாந்த?"

"போறப்ப வேணுமே."

"எங்க போறப்ப?"

பதில் என்னிடம் இல்லை, மனைவியிடமும் இல்லை. அம்மா கோட்டுகளை ஒதுக்கிவிட்டு அந்தக் குளிர்காலப் போர்வையை உருவினார். நாற்காலி போட்டு ஏறி, திரைக்கம்பியில் துணிமாட்டும் கிளிப்பால் கண்ணாடி முழுவதையும் மறைத்துக் கட்டினார். ஹால் இருண்டது. அரைமணி நேரத்தில் சோபா உட்காரத் தக்கதாயிற்று. லண்டனில் குளிரை வெளியே நிறுத்திய போர்வை, இங்கே வெயிலை வெளியே நிறுத்தியது. ஊர் மாறியதில் வேலைக்குச் சரியாகப் பொருந்திக்கொண்டது எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. நான் வளர்ந்தது பலகை வீடு, தகரக் கூரை. ஏர்கோன் கிடையாது, கூடத்தில் ஒரே ஒரு காற்றாடி. அந்த வீட்டில் எனக்கு வெயில் நினைவே இல்லை. அதை வைத்துத்தான் லண்டனில் அவ்வளவு வீராப்புப் பேசினேன். ஆனால் விடியுமுன் அடுப்பு வேலையை முடித்தது யார்? பத்து மணிக்கு வெயில் பக்கத்துச் சன்னலைச் சாத்தி, மதியம் மறுபக்கத்தைச் சாத்தியது? நாலு மணிக்குச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்தது, கோணிச்சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிட்டது? வீடு தானாகவே குளிர்ந்து கிடந்தது என்று முப்பத்தேழு வயது வரை நம்பியிருக்கிறேன்.

மறுநாள் அம்மாவோடு லெபோ பசாருக்குச் சாமான் வாங்கப் போனேன். நான் குறுக்குவழியாகத் தாரில் இறங்கி நடந்தேன். அம்மா கடைசிவரை அஞ்சடியை விட்டு இறங்கவில்லை. கடைகளின் முன்னால் மாடியே கூரையாகத் தொடர்ந்து போகும் ஐந்தடி நடைபாதை அது. சுற்றுவழி, ஆனால் நிழல். சாமான் கடைக்கு நான் முதலில் போய்ச் சேர்ந்தேன், சட்டையைப் பிழிகிற நிலையில். அம்மா பின்னால் வந்து, நெற்றித் திருநீறு கலையாமல், புளி விலை கேட்டார்.

அந்தக் கடைவீடுகளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். முகப்பு குறுகல், உள்ளே நீளம், நடுவில் வானம் தெரியும் முற்றம். வெப்பம் முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விடும். உடனே, "இப்படி ஒரு வீடு வாடகைக்குப் பிடிக்கலாமே" என்றேன். புத்தி வந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அம்மா ஒரு மாடியைக் கை நீட்டிக் காட்டினார். அங்கேதான் என் பெரியம்மா குடும்பம் இருந்ததாம். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை பழைய வீடுகளின் வாடகை ஏறாமல் கிடந்தது. 2000 தொடக்கத்தில் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை பாய்ந்தது. குடும்பங்கள் மூட்டை கட்டின. பெரியம்மா வீட்டார் கடல் தாண்டி எங்கள் பக்கம் வந்தார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அக்காமார் வந்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது; ஏன் வந்தார்கள் என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. 2008இல் ஜார்ஜ்டவுன் உலக மரபுச் சின்னமாயிற்று. பெரியம்மாவின் மாடி இப்போது தங்கும் விடுதி. வாசலில் ஓர் இரவின் கட்டணத்தை எழுதி வைத்திருந்தார்கள். வழக்கம்போல ஐந்தால் வகுத்தேன். அப்படியும் கட்டுப்படியாகவில்லை. மலிவு என்று நான் தேடி வந்த ஊர், என் பெரியம்மாவுக்குக் கட்டுப்படியாகாமல் போன ஊர்.

கடைசியில் பட்டர்வொர்த்திலேயே, அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, கிழக்குப் பார்த்த தரைவீடு ஒன்று கிடைத்தது. அம்மாவே மதியம் மூன்று மணிக்குப் போய் அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எடு" என்றார். ஒரே சிக்கல், கொண்டோவின் ஒப்பந்தம் முடிய ஏழு மாதம் இருந்தது. மாற்று ஆள் பிடித்துத் தந்தால் முன்பணம் திரும்பும்.

விளம்பரத்தைப் பார்த்துக் கேமரன் மலையிலிருந்து மாற்றலாகி வரும் ஓர் இளம் ஆசிரியத் தம்பதி அழைத்தார்கள். "எப்ப வரலாம் அண்ணே?"

"காலைல பத்து மணிக்கு வாங்க" என்றேன்.

ஒன்பதரைக்கு நாற்காலி போட்டு ஏறிப் போர்வையைக் கழற்றினேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் கண்ணாடி முன் நின்று மலையைப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். மலைப் பனியில் துணி காயவைத்து அலுத்துப்போனவர் போலிருக்கிறது, அந்தத் தம்பி திரும்பி என்னிடம் கேட்டார்.

"வெயில் வருமா அண்ணே?"

"வரும் தம்பி, நல்லா வரும்."

முன்பணம் முழுசாகக் கைக்கு வந்தது. வீட்டைக் காலி செய்த அன்று எல்லாவற்றையும் மூட்டை கட்டினோம், பூஞ்சைக் கோட்டுகள் உட்பட. அந்தப் போர்வையை மட்டும் துவைத்து மடித்து, கிளிப்புகளோடு அலமாரியில் அவர்களுக்கு விட்டுவிட்டு வந்தேன். எதற்கென்று எழுதி வைக்கவில்லை.