கொள்ளிடத்துக்கு நகல் அனுப்பினீர்களா, ஐயா?

அனுப்புநர்: கொள்ளிடக் கரைக் குடியானவன், சிதம்பரம் வட்டம்.
பெறுநர்: வெள்ள பாதிப்புப் பட்டியல் தயாரிக்கும் உயர்திரு அலுவலர் அவர்கள்.

மதிப்புக்குரிய ஐயா,

இந்த வருஷப் பட்டியலில் எங்கள் தெருவை 'குறைவான பாதிப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். தங்கள் கருணையை நினைத்துத் தெருவே பூரித்துப்போயிருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: பட்டியலின் நகல் கொள்ளிடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா?

கணக்கெடுக்க வந்த தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் கரைமேல் பைக்கை நிறுத்தி, பெரிய மனசு பண்ணி வீட்டுக்குள்ளும் வந்தார். அடுப்படிச் சுவரைத் தடவிப் பார்த்து, "தண்ணி நின்ன கறை எங்கம்மா?" என்றார். "பொங்கலுக்கு வெள்ளையடிச்சிட்டோம் சார்" என்றாள் என் மனைவி. "அப்ப ஆதாரம் இல்லைன்னு போட்டுக்கறேன்." ஜன்னல் கட்டைவரை நின்றது என்று நான் குறுக்கிட்டேன். எப்போது என்றார். ஆகஸ்ட் என்றேன். சிரித்துவிட்டார். "ஆகஸ்ட்ல இங்க ஏதுங்க மழை? மழை இல்லாம வெள்ளம் எப்படி வரும்?" மழை அளவைப் போடாமல் அவர் கையிலிருந்த டேப்லெட் அடுத்த பக்கத்துக்கே போகாதாம்.

வாஸ்தவம். 2018 ஆகஸ்ட்டிலும் சரி, 2022 ஆகஸ்ட்டிலும் சரி, எங்கள் பக்கத்து மழைக்கு ஒரு குட்டைகூட ரொம்பியிருக்காது. பெய்தது குடகில். மேட்டூர் ரொம்பி, விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள். முக்கொம்பில் வேண்டியது காவிரிக்கு, வேண்டாதது கொள்ளிடத்துக்கு. பெராம்பட்டு, கீழகுண்டலபாடி, அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், திட்டுக்காட்டூர் என்று வழி விசாரித்துக்கொண்டே வந்தது தண்ணீர். அதன் கையில் தங்கள் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் எங்கள் தெருவைக் கும்பிட்டு ஒதுங்கிப் போயிருக்கும். நகல் கிடைக்காத குறைதான்.

தங்களுக்கும் சிரமம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம், நடுவே வீராணம், கிழக்கே கடல்: இத்தனை பேருக்கும் நகல் எடுப்பதென்றால் ஜெராக்ஸ் மெஷின் தாங்குமா? 2004 டிசம்பர் 26, சுனாமி அன்று, கடலுக்கு நகல் போகவில்லை. 2011-ல் தானே புயலுக்குப் போயிருந்தால் பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் தப்பியிருக்கும். 2024 டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூரில் 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். நகல் பெறாத தென்பெண்ணை கடலூர் வீடுகளுக்குள் நுழைந்தது. 2020 டிசம்பரில் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றதே! தில்லைக் கூத்தனுக்கே இந்தக் கதி, நாங்கள் எம்மாத்திரம்?

ஐயா, படகு எந்த ஊரில் நிற்க வேண்டும், மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் எங்கே அடுக்க வேண்டும், ஜெனரேட்டர் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்பதெல்லாம் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். போன வெள்ளத்தில் கைக்குழந்தைகளோடு மாடியில் நின்று கத்தினோம். பக்கத்து ஊருக்கு வந்த படகு திரும்பிப் போனது. கேட்டதற்கு, "உங்க ஊரு லிஸ்ட்ல இல்ல." மனுஷன் கத்துவது காதில் விழாது, லிஸ்ட் மட்டும் கண்ணுக்குத் தெரியும். இதற்குப் பெயர் கணக்கெடுப்பா? ஆற்றைக் கேட்கவில்லை, கரையில் கிடப்பவனைக் கேட்கவில்லை. வெள்ளையடித்த சுவரைக் கேட்டீர்கள்.

மன்னிக்க வேண்டும். வெயில் ஜாஸ்தி, அதான். தங்கள் மேதாவிலாசத்தில் குறை காண்பது என் நோக்கமல்ல. தங்களுக்கு ஒத்தாசையாக, வரும் பொங்கலுக்கு அடுப்படிச் சுவரை மட்டும் விட்டுவிட்டு வெள்ளையடிக்கப் போகிறோம். தண்ணீர் வந்ததும் அளவும் தேதியும் குறித்து, முடிந்தால் அதனிடம் கையெழுத்தும் வாங்கி வைக்கிறோம்.

இப்படிக்கு,
குறைவாகப் பாதிக்கப்படவிருக்கும்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள குடியானவன்.

நகல்:
மேட்டூர் அணை (தக்க நடவடிக்கைக்காக).
கொள்ளிடம் (தகவலுக்காக. நேரில் வரத் தேவையில்லை).