வாரத்துக்கு மூன்று அரை நாள் கலை

அரசுப் பள்ளிகளில் கலை வளர்க்க 2012-இல் தமிழகம் கண்ட வழி அபாரமானது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என 16,549 பகுதிநேர ஆசிரியர்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். வயிறு நிறைந்தால் கற்பனை தூங்கிவிடும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியாதா என்ன!

மே மாதம் அதுவும் கிடைக்கவில்லை. பள்ளிக்கு விடுமுறை என்றால் பசிக்கும் விடுமுறைதானே.

2022-இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழா வந்தது. பறையும் கரகமும் பழக்க உள்ளூர்க் கலைஞர்களை ஆசிரியர்கள் தேடிப் பிடித்தார்கள். வென்ற பிள்ளைகளுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள்.

அடுத்த ஆண்டு பகுதிநேர ஆசிரியர்களே சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகத்தில் குழு நிகழ்ச்சி நடத்தினார்கள். தலைப்பு: பணி நிரந்தரம். கோஷத்தில் தாளம் பிசகவே இல்லை. நடுவர்களாகப் போலீசார் வந்தார்கள். பங்கேற்ற அனைவருக்கும் பேருந்துப் பயணம், மண்டபத்தில் தங்கல்.